சிரிப்புச் சத்தத்த ஆஃப் பண்ணிட்டு பாருங்க: மாஷ் முழு டிவிடி செட்

மொத்தம் 36 டிஸ்க். முழுசா பாத்து முடிக்க எனக்கு நாலு மாசத்துக்கு மேல ஆச்சு, நேத்து ராத்திரி கடைசி டிஸ்க்க ப்ளேயர்ல இருந்து எடுத்து உறைக்குள்ள வெச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன், டிவிய கூட ஆஃப் பண்ணல. இத பத்தி எழுதியே ஆகணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். டிவி காமெடி, டிராமா ரெண்டையும் நான் எவ்ளோ பாப்பேன்னு என்ன தெரிஞ்சவங்களுக்கு தெரியும், ஆனா இந்த ரெண்டையும் ஒரே 25 நிமிஷத்துக்குள்ள வெச்சு, ஒண்ணு இன்னொண்ண கெடுக்காம கொண்டு போன சீரியல்னா எனக்கு இது தான் முதல்ல.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். கொரியப் போர் நடக்குற எடத்துல, சண்டை நடக்குற எல்லைக்கு கொஞ்சம் பின்னாடி கூடாரம் போட்டு நடத்துற அமெரிக்க ராணுவ ஆபரேஷன் ஆஸ்பத்திரி, அதுக்கு ராணுவத்துல வெச்ச பேரோட முதல் எழுத்துங்கள சேத்தா தான் மாஷ். ஹெலிகாப்டர்ல அடிபட்டவங்க வந்துட்டே இருப்பாங்க, டாக்டருங்க தச்சு தச்சு அனுப்பிட்டே இருப்பாங்க, நடுவுல கெடைக்குற நேரத்துல ஒருத்தர ஒருத்தர் கலாய்ச்சுட்டு, கூடாரத்துக்குள்ளயே சாராயம் காய்ச்சி குடிச்சுட்டு, வீட்டுக்கு லெட்டர் எழுதிட்டு இருப்பாங்க. 1972 செப்டம்பர்ல சிபிஎஸ்ங்குற அமெரிக்க சேனல்ல ஆரம்பிச்சு 1983 பிப்ரவரி 28-ல முடிஞ்சது, 11 சீசன், 256 எபிசோட். நிஜப் போர் நடந்தது மூணு வருஷம், சீரியல் ஓடுனது பதினோரு வருஷம்.

இந்த முழு செட் 2006-ல வந்தது. 11 சீசனும் இருக்கு, சீரியலுக்கு முன்னாடி 1970-ல வந்த படமும் இருக்கு, கூட ஸ்பெஷல் விஷயங்களுக்குன்னு தனி டிஸ்க்கும் இருக்கு. நான் வாங்குனது ஏற்கனவே ஒருத்தர் வெச்சிருந்த செட். ஒரே ஒரு டிஸ்க்ல மட்டும் கீறல் இருந்து ஒரு எபிசோட் நடுவுல நின்னு நின்னு ஓடுச்சு, வித்தவர் அத முன்னாடியே சொல்லல, அது கொஞ்சம் வருத்தம் தான். மத்த எல்லாம் சுத்தமா ஓடுச்சு.

இப்ப இந்த செட்ட எதுக்கு வாங்கணும்ங்குற விஷயத்துக்கு வர்றேன், எங்கயாவது ஆன்லைன்ல பாத்துக்கலாமேன்னு கேப்பீங்க. காரணம் ஒண்ணே ஒண்ணு தான், ஆடியோ மெனு. அதுல லாஃப் ட்ராக், அதாவது பின்னணில சேத்த சிரிப்புச் சத்தம், இல்லாம பாக்குறதுக்கு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கு. அந்த ஒரு வரிய செலக்ட் பண்ணீங்கன்னா உங்க முன்னாடி வேற ஒரு சீரியல் ஓட ஆரம்பிக்கும், சத்தியமா.

இந்த சீரியல் ஆடியன்ஸ உக்கார வெச்சு எடுத்தது கெடையாது, சினிமா மாதிரி ஒரே கேமரா வெச்சு எடுத்தது. சிரிப்ப பின்னாடி சேத்தாங்க. உருவாக்குன லாரி கெல்பார்ட்டுக்கும் தயாரிப்பாளர் ஜீன் ரெனால்ட்ஸுக்கும் அது வேண்டவே வேண்டாம், ஆனா சேனல் விடல, காமெடின்னா சிரிப்பு கேக்கணும்னு சொல்லிட்டாங்க. கடைசில ஒரு சமாதானத்துக்கு வந்தாங்க, ஆபரேஷன் தியேட்டர் சீன்ல மட்டும் சிரிப்பு வராதுன்னு. பிரிட்டன்ல பிபிசி ஒளிபரப்புனப்போ சிரிப்பு இல்லாமயே போட்டாங்க, அதனால அங்க உள்ளவங்க பாத்த மாஷும் அமெரிக்காக்காரங்க பாத்த மாஷும் ஒண்ணே இல்ல. டிவிடில தான் நமக்கு அந்த ரெண்டும் கெடைக்குது, எது வேணும்னு நாமளே முடிவு பண்ணிக்கலாம்.

நான் முதல் டிஸ்க்க சிரிப்போட தான் போட்டேன். நல்லா தான் இருந்துச்சு, ஜாலியா, வேகமா. எங்க அக்கா பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தா, நாலாவது எபிசோட்லயோ அஞ்சாவதுலயோ திடீர்னு "டேய், இப்ப எதுக்குடா எல்லாரும் சிரிக்கிறாங்க, அவன் அழுற மாதிரில்ல பேசுறான்"னு கேட்டா. நான் ரீவைண்ட் பண்ணி பாத்தேன். கதையோட முக்கிய டாக்டர் ஹாக்கை (ஆலன் ஆல்டா நடிச்சது) ஒரு ஜோக் சொல்றான், வார்த்தை ஜோக் தான், ஆனா முகத்துல ஜோக் இல்ல, அசதி தான் இருக்கு, ராத்திரி பூரா ஆபரேஷன் பண்ணிட்டு வந்த மனுஷன் முகம். அந்த சிரிப்புச் சத்தம் நம்மள அந்த முகத்த பாக்க விடாம பண்ணுது. உடனே மெனுக்கு போய் ஆஃப் பண்ணிட்டு முதல் எபிசோட்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சோம்.

அப்ப தான் புரிஞ்சது எனக்கு. ஹாக்கை ஜோக் அடிக்கிறது யாரையும் சிரிக்க வைக்க இல்ல. அந்த கூடாரத்துல யாரும் சிரிக்க கூட இல்ல பாதி நேரம், பக்கத்துல ஆபரேஷன் பண்ற இன்னொரு டாக்டர் ட்ராப்பர் ஒரு பதில் ஜோக் சொல்லுவான், நர்ஸ் கத்தரிய எடுத்து குடுப்பாங்க, அவ்ளோ தான். வாய மூடுனா கைல இருக்குற பதினெட்டு வயசு பையன் தெரிய ஆரம்பிச்சுடுவான், அதனால பேசிட்டே இருக்கான். சிரிப்பு ட்ராக் இருந்தா அவன் ஜாலி டாக்டர், சிரிப்பு ட்ராக் இல்லன்னா அவன் எப்ப உடைவானோன்னு பயமா இருக்கு. ரெண்டுமே ஒரே வசனம், ஒரே நடிப்பு, ஒரே பிலிம்!

இத கெல்பார்ட் டீமே தெரிஞ்சு தான் பண்ணிருக்காங்கன்னு நாலாவது சீசன்ல ஒரு எபிசோட் பாத்தப்போ உறுதியா தோணுச்சு. எபிசோட் பேரே ஹாக்கை. ஜீப் கவுந்து தலைல அடிபட்டு ஒரு கொரியக் குடும்பத்தோட வீட்ல போய் விழறான், மயக்கம் வந்துடக்கூடாதுன்னா முழிச்சுட்டே இருக்கணும், முழிச்சுட்டு இருக்கணும்னா பேசிட்டே இருக்கணும். அந்த வீட்ல ஒருத்தருக்கும் அவன் பேசுற ஒரு வார்த்தை கூட புரியாது. எபிசோட் பூரா ஆலன் ஆல்டா ஒருத்தர் மட்டும் பேசுறார், ஜோக், சின்ன வயசு கதை, உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு பாடம், எல்லாம். அந்த குழந்தைங்க அவன வேடிக்கை பாக்குதுங்க. மத்த எபிசோட்ல மறைமுகமா இருந்தத இதுல நேராவே காட்டிட்டாங்க, பேச்ச நிறுத்துனா இவன் போயிடுவான்னு. அக்கா இந்த எபிசோட் முடியுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

காமெடியே இல்ல போலன்னு நெனச்சுடாதீங்க, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்ச எபிசோடும் ஏராளம், நாம சிரிக்க யாரும் பின்னாடி இருந்து சொல்லிக்குடுக்கத் தேவையில்ல. முதல் சீசன்ல டட்டில்னு ஒரு எபிசோட், ஹாக்கையும் ட்ராப்பரும் இல்லாத ஒரு கேப்டன உருவாக்கி அவர் பேர்ல சம்பளம் வாங்கி அநாதை ஆசிரமத்துக்கு குடுக்குறாங்க, அந்த கேப்டன் டட்டில் எவ்ளோ நல்லவர்னு கேம்ப் பூரா பேச ஆரம்பிச்சு, ஜெனரல் வந்து மெடல் குடுக்கணும்னு நிக்க, வேற வழியில்லாம இல்லாத மனுஷன சாகடிச்சு இரங்கல் உரையும் படிக்கிறாங்க. அந்த ஸ்க்ரிப்ட் எழுதுன விதம் இருக்கே, ஒரு பொய் அடுத்த பொய்ய இழுத்துட்டு வர்ற கணக்கு, ஒரு இடத்துல கூட தளரல. ரெண்டாவது சீசன்ல தினமும் அஞ்சு மணிக்கு டாண்னு வந்து குண்டு போட்டு தினமும் குறி தப்புற பைலட் ஒருத்தன் வர்றான். மூணாவது சீசன்ல சாப்பாட்டு கூடாரத்துல தினமும் ஈரலும் மீனும் போடுறாங்கன்னு ஹாக்கை கலவரமே பண்ணுவான், அப்புறம் சிகாகோல இருந்து போன்லயே ஆர்டர் பண்ணி போர்க்களத்துக்கு கறி வரவழைப்பாங்க. இதெல்லாம் சிரிப்பு ட்ராக் இல்லாம பாத்தா வேகம் இன்னும் கூடுது.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும். முதல் ரெண்டு சீசன்ல சில இடத்துல சிரிப்புக்காக விட்ட சின்ன இடைவெளி வெறுமையா நிக்கும், வசனம் சொல்லிட்டு ஒரு நொடி காத்திருக்குற மாதிரி. முதல்ல வித்தியாசமா இருக்கும், நாலஞ்சு எபிசோட்ல காது பழகிடும். ஒவ்வொரு டிஸ்க் மாத்தும்போதும் மறுபடி மெனுக்கு போய் செட் பண்ண வேண்டியிருந்துச்சு என் ப்ளேயர்ல, மறந்தா சிரிப்பு வந்துடும், அது மட்டும் கொஞ்சம் தொந்தரவு.

அடுத்த பத்தில ஒரு முக்கியமான கதைய சொல்லப்போறேன், இன்னும் பாக்காதவங்க தாண்டி போயிடுங்க.

மூணாவது சீசன் கடைசி எபிசோட், 1975 மார்ச். கேம்ப்போட தலைவர் கர்னல் ஹென்றி ப்ளேக்குக்கு வீட்டுக்கு போக உத்தரவு வந்துடுது, எல்லாரும் சேந்து குடிச்சு பாடி வழியனுப்புறாங்க, ஹெலிகாப்டர் ஏறி போயிடுறார், எபிசோட் முடிஞ்சதுன்னு நெனைக்கிறோம். அடுத்து ஆபரேஷன் தியேட்டர், கேம்ப் க்ளர்க் ரேடார்ங்குற பையன் மாஸ்க் கூட போடாம உள்ள வர்றான், ஹென்றி போன விமானத்த சுட்டுட்டாங்க, யாரும் பொழைக்கலன்னு படிக்கிறான். யாரும் கத்தல, அழுது ஆர்ப்பாட்டம் பண்ணல, கைல நோயாளி இருக்கான்ல, தச்சுட்டே இருக்காங்க, எங்கயோ ஒரு கருவி கீழ விழுற சத்தம் மட்டும் கேக்குது. இந்த சீன எடுக்குற வரைக்கும் நடிகர்கள்ல பெரும்பாலானவங்களுக்கு விஷயத்தயே சொல்லல, கடைசி பக்கத்த எடுக்கப்போற நேரத்துல தான் குடுத்துருக்காங்க. ஒளிபரப்பானதும் ஜனங்க கோவமா லெட்டர் எழுதி குவிச்சாங்களாம், ஒரு காமெடி சீரியல்ல இப்படி பண்ணலாமான்னு. ஆனா போர்ல அப்படித்தான நடக்குது, வழியனுப்புனவங்களுக்கெல்லாம் வீடு போய் சேந்த கடிதமா வருது? எனக்கு ஹென்றிய ரொம்ப பிடிக்கும், அவரா நடிச்ச மக்லீன் ஸ்டீவன்சன் அந்த தடுமாறி தடுமாறி பேசுறத அவ்ளோ அழகா பண்ணுவார், அந்த எபிசோட் முடிஞ்சு ரெண்டு நாள் நான் அடுத்த டிஸ்க்க போடவே இல்ல.

சரி, அதுக்கப்புறம் சீரியல் மாறிடுது, இங்க தான் ரசிகர்களுக்குள்ள சண்டையே. ட்ராப்பருக்கு பதிலா டாக்டர் பி.ஜே.வும் ஹென்றிக்கு பதிலா கர்னல் பாட்டரும் வர்றாங்க, நாலாவது சீசனோட கெல்பார்ட்டும் போயிடுறார், அஞ்சாவதோட ஃப்ராங்க் பர்ன்ஸ்ங்குற டாக்டரா நடிச்ச லாரி லின்வில் போறார். பழைய மாஷ் தான் மாஷ்னு ஒரு கூட்டம், பின்னாடி வந்தது தான் ஆழம்னு ஒரு கூட்டம். என் கருத்து, ஃப்ராங்குக்கு பதிலா சார்ல்ஸ் வின்செஸ்டர் வந்தது இந்த சீரியலுக்கு கெடச்ச பெரிய வரம். ஃப்ராங்க் வெறும் முட்டாளா தான் எழுதப்பட்டார், அவர ஜெயிக்கிறது ஈஸி. சார்ல்ஸ் அப்படி இல்ல, நெஜமாவே பெரிய டாக்டர், நெஜமாவே திமிர் புடிச்சவர், உள்ள ஒரு பெரிய மனசு ஒளிஞ்சிருக்கு. எட்டாவது சீசன்ல ஒரு சிப்பாய், பியானோ வாசிக்கிறவன், சார்ல்ஸ் அவன் கால காப்பாத்திட்டோம்னு பெருமையா சொல்லுவார், அவனுக்கோ வலது கை விரல் போச்சேன்னு வாழ்க்கையே முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் சார்ல்ஸ் இடது கைக்கு மட்டும்னு எழுதின இசைக்குறிப்ப வரவழைச்சு அவன் முன்னாடி வைப்பார். ராவெல்ங்குற பிரெஞ்சு இசையமைப்பாளர் இடது கைக்கான அந்த கான்செர்டோவ எழுதினதே முதல் உலகப்போர்ல வலது கைய இழந்த ஒரு பியானோ கலைஞருக்காக தான். சார்ல்ஸா நடிச்ச டேவிட் ஆக்டன் ஸ்டியர்ஸ் அந்த சீன்ல குரல எவ்ளோ கீழ இறக்கி பேசுறார்னு கவனிச்சு பாருங்க.

தலைமை நர்ஸ் மார்கரெட் ஹூலிஹானும் அப்படித்தான், நடிச்சது லொரெட்டா ஸ்விட். ஆரம்பத்துல அவங்கள கேலி பண்ணத்தான் அந்த பாத்திரமேன்னு இருக்கும், அந்த கேலில பாதி இன்னிக்கு பாக்க கஷ்டமா இருக்கு, நர்சுங்கள ஹாக்கை துரத்துற சீன் எல்லாம் அக்காவுக்கு சுத்தமா பிடிக்கல, அவ சொன்னது சரி தான். அஞ்சாவது சீசன்ல நர்சுங்க முன்னாடி மார்கரெட் உடைஞ்சு பேசுவாங்க, என்னைக்காவது ஒருத்தி ஒரு கப் காபி குடுத்து கூட உக்கார சொல்லிருக்கீங்களான்னு கேக்குற மாதிரி, அந்த ஒரு சீன்ல அஞ்சு வருஷ கேலிக்கும் பதில் வந்துடுது. சிரிப்பு ட்ராக் இல்லாம இத பாத்ததால எனக்கு அவங்க மேல இருந்த மரியாதை ரொம்ப கூடுச்சு.

நாலாவது சீசன் கடைசி எபிசோட கட்டாயம் பாத்துடுங்க. கருப்பு வெள்ளை, நிஜ பத்திரிகையாளரான க்ளீட் ராபர்ட்ஸ் வந்து ஒவ்வொருத்தரையும் பேட்டி எடுக்குறார், பதில்கள்ல ஒரு பகுதி நடிகர்களே அந்த இடத்துல யோசிச்சு சொன்னது. கெல்பார்ட் எழுதி இயக்குன கடைசி எபிசோடும் அதான். ஏழாவது சீசன்ல அடிபட்டு பேச முடியாம படுத்திருக்குற ஒரு சிப்பாயோட கண்ணாவே கேமரா மாறிடுற எபிசோட், எட்டாவதுல ஸ்க்ரீன் ஓரத்துல கடிகாரம் ஓட ஓட அந்த நேரத்துக்குள்ளயே ஒருத்தன காப்பாத்தப் போராடுற எபிசோட். எழுபதுகள்ல அரை மணி நேர டிவி காமெடில இதெல்லாம் பண்ணிருக்காங்கன்னா எவ்ளோ தைரியம் வேணும்!

குறைன்னு பாத்தா ஒன்பது, பத்தாவது சீசன்ல கொஞ்சம் பாடம் எடுக்குற வாடை அடிக்கும், எபிசோட் முடிவுல யாராவது ஒருத்தர் திருந்தி ஒரு பெரிய வசனம் பேசிடுவாங்க. காலக்கணக்கும் குழம்பும், எந்த வருஷம் எந்த மாசம்னு தேடுனா தலை சுத்தும். கொரியா மக்கள் கதைக்குள்ள வர்றது குறைவு, வந்தாலும் உதவி கேக்குறவங்களா தான் பெரும்பாலும் வர்றாங்க, இது எனக்கு நிஜமாவே குறையா பட்டுச்சு.

படம் எப்படி இருக்குன்னு கேட்டா, பழைய டிவி அளவு சதுர ஃப்ரேம் தான், ரெண்டு பக்கமும் கருப்பு பட்டை இருக்கும். அப்படியே விட்டுடுங்க, ஸ்க்ரீன் நிறையணும்னு இழுத்து வெச்சா முகமெல்லாம் அகலமாயிடும். முதல் ரெண்டு சீசன் கொஞ்சம் மங்கல், காக்கி காக்கியா தான் தெரியும், போகப்போக தெளிவாகுது. ஸ்பெஷல் டிஸ்க்ல 2002-ல நடந்த 30-வது வருஷ சந்திப்பு இருக்கு, எல்லாருக்கும் வயசாகி ஒண்ணா உக்காந்து பேசுறத பாக்கும்போது சொந்தக்காரங்கள பாக்குற மாதிரி இருந்துச்சு. அத கடைசில மட்டும் பாருங்க. வாங்குறதுக்கு முன்னாடி உங்க ப்ளேயர் எந்த ரீஜன் (எந்த நாட்டுக்குன்னு பிரிச்சு விடுற) டிஸ்க் எடுக்கும்னு கட்டாயம் செக் பண்ணிடுங்க, நிறைய செட் அமெரிக்க ரீஜன் தான்.

கடைசி எபிசோட் பத்தி கொஞ்சமா தான் சொல்லுவேன். இரண்டரை மணி நேர ஸ்லாட்ல வந்தது, ஆல்டா இயக்குனது, அமெரிக்கால மட்டும் 10 கோடி பேருக்கு மேல அன்னிக்கு ராத்திரி உக்காந்து பாத்தாங்க. அத எடுக்குற காலத்துல, 1982-ல, கலிஃபோர்னியா மலைல வந்த காட்டுத்தீல வெளிப்புற செட் எரிஞ்சு போச்சு, அத மறைக்காம கதைக்குள்ளயே தீய கொண்டு வந்துட்டாங்க. அதுல ஹாக்கை ஒரு பஸ் பயணத்த பத்தி மனநல டாக்டர் சிட்னிகிட்ட சொல்ற பகுதி இருக்கு, அத பத்தி யார்கிட்டயும் எதுவும் கேட்டுக்காம பாருங்க. பதினோரு சீசனா நிக்காம ஜோக் அடிச்ச மனுஷன் அங்க எப்படி இருக்கான்னு மட்டும் பாருங்க. இந்த எபிசோட்ல லாஃப் ட்ராக்கே போடல, ஆரம்பத்துல இருந்து கெல்பார்ட் கேட்டது கடைசில கெடச்சுது, ஆனா அப்ப அவர் அந்த டீம்ல இல்ல.

புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் டிஸ்க்ல முதல் எபிசோட் சிரிப்போட பாருங்க, அதே எபிசோட உடனே சிரிப்பில்லாம பாருங்க, அதுக்கப்புறம் எப்படி பாக்குறதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். அக்கா இன்னிக்கு காலைல போன் பண்ணி முதல் சீசன் டிஸ்க்கெல்லாம் எடுத்து வெய்டா, ஞாயித்துக்கிழமை வர்றேன், ஹென்றி இருக்குற வரைக்குமாவது மறுபடி பாக்கலாம்னு சொல்லிருக்கா.